பச்சை ஒயர் முதலில்

பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்ட வேண்டும் என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் பாத்ரூம் பக்கம் போவதில்லை. மீட்டர் பெட்டிக்குத்தான் போவேன். அங்கே என்ன ஃபியூஸ் இருக்கிறது, டிரிப்பர் இருக்கிறதா, எர்த் கம்பி எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய் முடிகிறது என்பதையெல்லாம் பார்த்த பிறகுதான் ஏணியைத் தூக்குவேன். ஒரு சின்ன ஃபேனுக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று வீட்டுக்காரர்களுக்குத் தோன்றும். 30 வாட், மிஞ்சிப் போனால் 40 வாட் ஃபேன்தான். ஆனால் அது உட்காரப் போகும் அறை, வீட்டிலேயே மனிதர்கள் செருப்பில்லாமல், உடம்பு முழுக்க ஈரத்தோடு, ஈரத் தரையில் நிற்கும் அறை. ஃபேனின் அளவைப் பார்த்து அந்த வேலையை எடை போடக் கூடாது.

எனக்குக் கம்மாபுரம் பக்கம். விருத்தாசலத்துக்குக் கிழக்கே, நெய்வேலிச் சுரங்கத்துக்கு அருகில். 1956-இல் தொடங்கிய நெய்வேலி நிறுவனம் 1962-இலிருந்து மின்சாரம் தருகிறது. இந்தப் பக்கம் விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை. பழுப்பு நிலக்கரியை எடுக்கத் தோண்டும் பூமியிலேயே வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. அந்த மாதிரி வெள்ளைக் களிமண்ணோடு குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் அரைத்துச் சேர்த்து, அச்சில் அழுத்திக் காயவைத்து, மேலே கண்ணாடி மெருகு பூசி, ஆயிரம் டிகிரிக்கும் மேலே சூளையில் வேகவைத்தால் ஃபியூஸ் கட்டை வருகிறது, கம்பத்தில் ஏறும் இன்சுலேட்டர் வருகிறது. கரண்டு விளையும் ஊருக்கும் கரண்டைத் தாங்கும் பீங்கான் வேகும் ஊருக்கும் நடுவில் பிறந்து இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி, முதல் பாடத்தை ஒரு ஃபியூஸ் கட்டையை வைத்துத்தான் நடத்தினார். மெருகு இல்லாத அடிப்பக்கத்தில் நாக்கை வைத்துப் பார்க்கச் சொன்னார். நன்றாக வெந்த பீங்கான் நாக்கில் ஒட்டாது. அரைவேக்காடு ஒட்டும், அதாவது தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் உறிஞ்சும் பீங்கானை மீட்டர் போர்டில் வைக்கக் கூடாது. உள்ளே கம்பி உருகிப் போகும்போது ஒரு நொடி பொறி பறக்கும், அந்தச் சூட்டில் பீங்கான் எரியாது, கருகாது, வடிவம் மாறாது. அதற்காகத்தான் இத்தனை காலம் அது அந்த இடத்தில் இருந்தது. இன்றைக்கு வீடுகளில் எம்சிபி என்ற தானாக விழும் சுவிட்ச் வந்துவிட்டது. கட்டையின் தேவை குறைந்துவிட்டது. இருந்தாலும் கீசருக்கு ஒயர் சேர்க்கும் இடத்தில் நான் இன்னமும் பிளாஸ்டிக் கனெக்டர் போடுவதில்லை, பீங்கான் கனெக்டர்தான்.

ஃபியூஸும் எம்சிபியும் ஒயரைக் காப்பாற்றுபவை, ஆளை அல்ல. எங்கள் பக்கத்தில் பெரும்பாலோர் இதை அறிந்திருக்கவில்லை. ‘எம்சிபி போட்டாச்சு, இனிமே பயமில்ல’ என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நனைந்த உடம்பின் தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் அதன் வழியே போனால் 230 மில்லி ஆம்ப். ஒரு மனிதனைக் கொல்ல அது போதும், அதற்கு மேலேயே இருக்கிறது. ஆனால் 6 ஆம்ப் எம்சிபிக்கு அது கால் ஆம்பியர்கூட இல்லை, ஏதோ ஒரு சாதாரண குண்டு பல்பு எரிகிறது என்றுதான் அது எண்ணிக்கொண்டிருக்கும். ஆர்சிசிபி என்ற கருவி, எங்கள் பேச்சில் டிரிப்பர், வேறு மாதிரி வேலை செய்கிறது. லைனில் போன கரண்டு முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்ப் குறைந்தாலும், எங்கோ யார் வழியாகவோ பூமிக்குப் போகிறது என்று அர்த்தம். 0.3 விநாடிக்குள் வெட்டிவிட வேண்டும் என்பது அதன் தரநிலை, கசிவு பெரிதாக இருந்தால் இன்னும் வேகமாக வெட்டும்.

எர்த் இருந்தால் போதாதா என்பார்கள். எர்த் வேண்டும், எர்த் மட்டும் போதாது. கோடையில் காய்ந்து கிடக்கும் எர்த் குழியின் தடை 20 ஓம் என்றால், கீசருக்குள் லைன் கம்பி அதன் உடம்பைத் தொட்டுவிட்ட நிலையில் பூமிக்குப் போவது பதினொன்றரை ஆம்பியர்தான். கீசருக்குப் போட்ட 16 ஆம்ப் எம்சிபி அசையவே அசையாது. கீசரும் குழாயும் கரண்டோடு காத்துக்கொண்டிருக்கும். எர்த்தும் டிரிப்பரும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

சில வருஷத்துக்கு முன் கம்மாபுரத்தை ஒட்டிய ஓர் ஊரில், புருஷன் குவைத்தில் இருக்க, மாமியாரோடு இருக்கும் ஒரு பெண் ஃபேன் சத்தம் போடுகிறது, மாற்ற வேண்டும் என்று கூப்பிட்டார். 9 அங்குல இரும்பு ஃபேன். வெண்டிலேட்டரின் இரும்புக் கிரில்லோடு நட்டு போல்ட் போட்டு முறுக்கியிருந்தது. ஃபேனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர், போகிற போக்கில் ஒன்று சொன்னார்.

“மழ பேஞ்சா பின்னாடி கொடியத் தொட முடியலண்ணே, சுருக்குங்குது. எங்க அத்த, நரம்புத் தளர்ச்சின்னு மாத்திர வாங்கிச் சாப்டுக்கிட்டிருக்காங்க.”

நான் ஏணியை அப்படியே சாத்திவிட்டுக் கொல்லைப் பக்கம் போனேன். துணி காயப்போடும் கொடி, ஜிஐ கம்பி. ஒரு முனை வேப்ப மரத்தில். மறு முனை வெண்டிலேட்டர் கிரில்லில். டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. அந்தப் பெண்ணிடம், தரையில் நிற்க வேண்டாம், உள்ளே போங்கள் என்று சொல்லிவிட்டு மெயினை இறக்கினேன்.

ஃபேனைக் கழற்றியபோது காரணம் தெரிந்தது. இரண்டு கோர் ஃப்ளெக்சிபிள் ஒயர் ஒன்று கிரில்லின் இரண்டு பட்டைகளுக்கு நடுவே ரப்பர் புஷ் இல்லாமல் நுழைந்திருந்தது. ஃபேன் சுழலும்போது ஏற்படும் அதிர்வு இருக்கிறதே, அது ஒயரை இரும்பு விளிம்பில் நாள்தோறும் தேய்த்திருக்கிறது. சிவப்பு உறை அரை அங்குலத்துக்குப் பிளந்து, செம்பு பளபளவென்று தெரிந்தது. ஒயரில் பச்சை என்பதே கிடையாது. ஃபேன் உடம்பில் எர்த் ஸ்க்ரூ இருந்தது, கம்பெனி வைத்தது, அதில் பெயின்ட்கூடக் கலையவில்லை. லைன் கரண்டு அந்தப் பிளவிலிருந்து கிரில்லுக்கு, கிரில்லிலிருந்து கொடிக்கு. வெயில் காலத்தில் காலில் செருப்பு, காய்ந்த தரை, அதனால் தெரியவில்லை. மழை பெய்த மண்ணில் வெறுங்காலோடு ஈரத் துணியைப் போடும்போதுதான் அந்தச் சுருக். அன்றைக்கு அந்தப் பெரியம்மாள் உயிரோடு இருந்தது அவர் வீட்டு மண்ணின் தடையும் அவர் நின்ற இடமும் செய்த புண்ணியம். தமிழ்நாட்டில் கொடிக் கம்பியில் துணி காயப்போட்டு இறந்தவர்கள் செய்தியை மழைக்காலத்தில் நாளிதழில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். கொடி கட்ட நைலான் கயிறு போதும். இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம்.

அந்த வீட்டுக்கு எர்த் குழியிலிருந்து ஆரம்பித்தோம். எட்டே கால் அடி, அதாவது இரண்டரை மீட்டர் ஜிஐ குழாய், சுற்றிலும் கரியும் உப்பும், மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனல், மூடி போட்ட சிறு தொட்டி. எங்கள் பக்கத்துக் கரிசல், சித்திரை வைகாசியில் வாய் பிளந்து கிடக்கும், அப்போது எர்த் குழாயைச் சுற்றியுள்ள மண்ணும் விலகிவிடும். தண்ணீர் ஊற்ற மறக்கக் கூடாது. பிறகு டிரிப்பர் போட்டேன். நிற்கவில்லை, ஏற்றியதும் விழுந்தது. பல வீடுகளில் இந்தக் கட்டத்தில்தான் ‘டிரிப்பர் சரியில்லை’ என்று அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அது சரியாகத்தான் இருக்கும், வீட்டில்தான் கோளாறு. ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பிரித்துக்கொண்டு வந்ததில், வாஷிங் மெஷின் சாக்கெட்டில் எர்த் பின்னையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்திருந்தது தெரிந்தது.

இது பழைய பழக்கம், கொடிய பழக்கம். எர்த் கம்பி இழுக்கச் செலவாகும் என்று நியூட்ரலையே எர்த்தாகக் காட்டிவிடுவது. டெஸ்ட் லாம்ப் போட்டால் எரியும், வீட்டுக்காரருக்குத் திருப்தி. தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்தால் என்ன ஆகும்? வீட்டில் எரிகிற பல்பு வழியாக லைன் கரண்டு நியூட்ரலுக்கு வந்து, போக வழியில்லாமல், அந்தத் துண்டு ஒயர் வழியே மெஷின் உடம்புக்கு ஏறும். சுவிட்சை அணைத்தாலும் உடம்பில் கரண்டு இருக்கும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட பிறகு, கம்பங்கள் விழுந்து கம்பிகள் அறுந்து கிடந்த அந்த நாட்களில், எந்தெந்த வீட்டில் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டு போனோம். கரண்டு திரும்பி வருவதற்குள் அந்தத் துண்டு ஒயர்களை எடுக்க வேண்டியிருந்தது.

மறுபடி பாத்ரூமுக்கு வருகிறேன். முன்பு எங்கள் ஊர்களில் அது கொல்லையில் இருந்தது. நாலு பக்கம் தட்டி, மேலே வானம். காற்று தானாக வந்து போகும், மின்சாரம் அங்கே எட்டிப் பார்த்ததில்லை. இப்போது படுக்கையறைக்குள்ளேயே பாத்ரூம். டைல்ஸ், கீசர், சில வீடுகளில் வாஷிங் மெஷினும் உள்ளே. ஈரம் போக வழியில்லாமல் சீலிங்கில் கறுப்புப் பூஞ்சை படர்கிறது, கதவின் அடிப்பக்கம் உப்புகிறது. எனவே ஃபேன் அவசியம்தான், ஆடம்பரம் இல்லை.

ஆறடிக்கு ஐந்தடி, ஒன்பதடி உயரப் பாத்ரூம் 270 கன அடி. கழிப்பறைக் காற்றை ஒரு மணி நேரத்தில் பத்து முறை மாற்றினால் போதும் என்று எடுத்துக்கொண்டால், 6 அங்குல ஃபேனே தாராளம். கடைக்காரர் 9 அங்குலம் கொடுப்பார், வேண்டாம். பெரிய ஃபேன் வாங்குவதை விட முக்கியம், காற்று உள்ளே வர வழி. கதவுக்குக் கீழே முக்கால் அங்குலம் இடைவெளி இல்லாவிட்டால் எந்த ஃபேனும் வெறுமனே சுழலும். ஃபேனைக் கதவுக்கு எதிர்ச் சுவரில், உயரத்தில் வைத்தால் காற்று அறை முழுக்கக் கடந்து வெளியே போகும். கதவுக்கு மேலேயே வைத்தால் கதவிடுக்கில் வந்த காற்று அப்படியே வெளியேறிவிடும், ஈரம் உள்ளேயே நிற்கும்.

இந்திய ஒயரிங் விதிநூலான ஐஎஸ் 732, 2019-ஆம் ஆண்டுப் பதிப்பில் குளியலறையை மண்டலங்களாகப் பிரித்துச் சொல்கிறது. குளியல் தொட்டியின் உள்ளே ஒரு மண்டலம், ஷவருக்கு நேராகத் தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரை அடுத்தது, அதைத் தாண்டி 60 சென்டிமீட்டர் வரை இன்னொன்று. வேறு பல நாடுகளும் இதே முறையைத்தான் வைத்திருக்கின்றன. ஆனால் இந்தக் கோடுகள் தொட்டியில் படுத்தோ ஷவருக்குக் கீழே நின்றோ குளிப்பவர்களை மனதில் வைத்துப் போட்டவை. நாம் வாளியும் சொம்புமாகக் குளிக்கிறோம், குழந்தைகளைக் குளிப்பாட்டுகிறோம், துணி துவைத்து அலசுகிறோம், கடைசியில் ஒரு வாளித் தண்ணீரைச் சுவரில் அடித்துக் கழுவிவிடுகிறோம். எனவே பாத்ரூம் முழுவதையுமே தண்ணீர் படும் இடமாக வைத்துத்தான் நான் வேலை செய்கிறேன். சுவிட்ச் எப்போதும் வெளியே. உள்ளே பிளக் பாயிண்ட் கேட்டால், ஷேவிங் செட்டுக்குத்தானே என்று சொன்னாலும், போட்டுத் தருவதில்லை.

வேலையைச் செய்யும் விதம் இது. ஒன்றரை சதுர மில்லிமீட்டர் ஒயர், சிவப்பு லைன், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். மூன்றும் பைப்புக்குள். சுவிட்ச் கண்டிப்பாக லைனை வெட்ட வேண்டும். நியூட்ரலில் சுவிட்ச் போட்டாலும் ஃபேன் நிற்கும், ஆனால் நின்ற ஃபேனில் கரண்டு இருக்கும், துடைக்கப் போனவர் கைக்கு வரும். பிளாஸ்டிக் உடம்பு ஃபேனில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அதற்கு எர்த் தேவையில்லை. இருந்தாலும் பச்சை ஒயரை அதுவரை இழுத்து, பெட்டிக்குள் முனையைப் பத்திரமாக மூடி வைப்பேன். நாலு வருஷம் கழித்து இன்னொருவர் அங்கே இரும்பு ஃபேனை மாட்டலாம்.

ஃபேனுக்குப் போகும் ஒயரைப் பெட்டிக்குள் நேராக மேலிருந்து விடக் கூடாது. பெட்டிக்குக் கீழே ஒரு பிடி இறக்கி, வளைத்து, கீழ்ப் பக்கத் துளை வழியாக மேலே ஏற்ற வேண்டும். ஒயர் மேல் வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், இணைப்புக்குள் போகாது. இதற்குக் கூடுதலாக அரை அடி ஒயர்தான் செலவு. வெண்டிலேட்டரில் மழைச் சாரல் அடிக்கும் வீடுகளில் இதைச் செய்யாமல் விட்டால், இரண்டு ஐப்பசி தாண்டாது, உள்ளே பச்சை பூத்துவிடும். இணைப்பு முடிந்ததும் மெக்கர் வைத்து லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே தடை பார்ப்பேன். 500 வோல்ட்டில் 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. நல்ல புது ஒயரிங்கில் அதற்கு எவ்வளவோ மேலேதான் காட்டும்.

ஃபேனின் ஷட்டரில் குளவி கூடு கட்டும், அணில் தேங்காய் நார் கொண்டுவந்து அடைக்கும். இறக்கை சுழல முடியாமல் மோட்டார் சூடாகி, பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிப்பதும் உண்டு. வருஷத்துக்கு ஒரு முறையாவது கழற்றித் துடைக்க வேண்டும், மெயினை இறக்கிவிட்டு.

இன்னொரு விஷயம் ஒயரிங்கோடு நேரடியாகச் சேராது, ஆனால் சொல்லாமல் விட முடியாது. கேஸ் கீசரைப் பாத்ரூமுக்குள் மாட்டிவிட்டு, ‘புகை போக ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுடுங்க’ என்று கூப்பிடுகிறார்கள். மறுத்துவிடுவேன். மூடிய சின்ன அறையில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை, குளிக்கப் போனவர் மயங்கி விழும் வரை யாருக்கும் தெரியாது. ஃபேன் போடுவதை மறந்தால், கரண்டு போனால், என்ன செய்வது? கேஸ் கீசர் வெளிச் சுவரில் இருக்க வேண்டும். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலருக்குத் தெரியாது. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி இருந்தது. பின்னர் மத்திய மின்சார ஆணையம் 2010-இலும், மீண்டும் 2023-இலும் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் அதன் சாரம் தொடர்கிறது. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் ஆகியவற்றை இருந்த இடத்திலேயே, இருந்த அளவிலேயே மாற்றுவதற்கு உரிமம் தேவையில்லை. புதிதாக ஒரு பாயிண்ட் இழுப்பது, சர்க்யூட்டை நீட்டுவது, மாற்றி அமைப்பது எல்லாம் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று உள்ளவர் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். அதாவது பழைய எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் பதில் புதியது மாட்டுவது வேறு, இல்லாத இடத்தில் புதிதாகப் போடுவது வேறு. எனக்கு இந்தப் பிரிவு மிக நியாயமாகப் படுகிறது. தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

தமிழ்நாட்டில் இதற்கு மின் உரிம வாரியம் இருக்கிறது. வேலை பழகியவர்களுக்காக அரசு ஐடிஐகளில் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடக்கிறது. பள்ளிப் படிப்பு குறைவாக இருந்தாலும், ஐந்து வருஷ அனுபவத்தோடு அதை எழுதலாம், கையால் செய்தும் காட்ட வேண்டும். நான் அந்த வழியில் வந்தவன்தான். என்னிடம் பழகும் பையன்களையும் அதை எழுதச் சொல்லி விடாமல் நச்சரிக்கிறேன். செய்யத் தெரிந்த கைகள் ஊரில் நிறைய இருக்கின்றன, ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்று தெரிந்த கைகள் குறைவு.

இங்கிலாந்தில் இருக்கும் ஓர் உறவுக்காரப் பையன், தன் வீட்டு பாத்ரூமில் ஷவர் பக்கம் ஒயரிங்கை மாற்றியபோது, பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனிடம் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது என்றான். அங்கே 2005 முதல் வீட்டு மின்வேலை கட்டட விதிகளுக்குள் வருகிறது. வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் அந்தச் சான்றிதழைக் கேட்பாராம். நம் ஊரில் வீட்டை வாங்கும்போது பட்டா, வில்லங்கம் பார்க்கிறோம், வாஸ்து பார்க்கிறோம், எர்த் குழி எங்கே என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. வீட்டு இணைப்புகளில் ஆர்சிடி, அதாவது டிரிப்பர், பொருத்த வேண்டும் என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் வலியுறுத்தியிருக்கிறது. அது புது இணைப்புகளோடு நின்றுவிடாமல், பழைய வீடுகளுக்கும் வந்து சேர வேண்டும்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே ஒயர்மேனைக் கூப்பிட்டு, பாத்ரூமுக்குள் பச்சை ஒயர் வந்திருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு உடைக்க யாருக்கும் மனசு வராது. ஏற்கெனவே குடியிருப்பவர்கள், மீட்டர் பெட்டியில் டிரிப்பர் இருந்தால் அதில் ‘டி’ என்று எழுதிய சின்ன பொத்தானை இன்றைக்கே ஒரு முறை அழுத்துங்கள். வீடு முழுக்கக் கரண்டு போக வேண்டும். போகாவிட்டால், அல்லது அப்படியொரு பொத்தானே இல்லாவிட்டால், புது ஃபேன் வாங்க வைத்திருக்கும் பணத்தை முதலில் அதற்குச் செலவிடுங்கள்.